விற்ற காரின் வெளிச்சம்

ஜூலை 5, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வேண்டும். மனைவி மெர்ஸிக்கு முதுகுத் தைலம், மறக்காமல்.

பால் வாங்க இறங்கினால், கீழ் வீட்டு ஜெஸி கார் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கார். ஏப்ரல் வரை என் கார். பத்தொன்பது வருடம் என் கார். மகள் ஷீபா யு.கே.ஜி. படிக்கும்போது வாங்கியது. பின்சீட்டில் அவள் கிறுக்கிய பேனாக் கோடு இன்னும் இருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

விற்றதற்குக் காரணம்: நீலப் புகை, நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. தார்நாகா மெக்கானிக் யாதகிரி ஒரே பார்வையில் கைவிரித்துவிட்டார். "இஞ்சின் அயிப்போயிந்தி சார்." என்ஜின் முடிந்துவிட்டதாம், விற்றுவிடச் சொன்னார். ஜெஸி தானே வந்து கேட்டாள், கொடுத்தேன். மனதுக்குள் பாவம் என்றுகூட நினைத்தேன்.

இப்போது புகை இல்லை. கீழே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"எப்படிம்மா சரியாச்சு?" கேட்டிருக்கக் கூடாது.

உள்ளே போய் கட்டைவிரல் அளவில் ஒரு கறுத்த பிளாஸ்டிக் சாமானைக் கொண்டுவந்து காட்டினாள். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலையில் கருவிகளைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. கழற்றிய எதையும் தூக்கிப் போட மாட்டாள் போல.

"பிரீதர் வால்வு அண்ணா. என்ஜின் உள்ள சேர்ற புகைக்காத்து இது வழியாத்தான் போகணும். ஆட்டினா கடகடன்னு சத்தம் வரணும். இது அடைச்சுப்போயி ஊமையா இருந்துச்சு. மூச்சு விட வழியில்லன்னா அது எண்ணெயத்தானே வெளிய தள்ளும்? இதையும் இதோட ரப்பர் குழாயையும் மாத்தினேன், ஹவ், அவ்வளவுதான். என்ஜினுக்கு ஒண்ணுமே இல்ல." ஆமாம் என்பதற்கு ஹவ்; இந்த ஊர் உருது அவள் பேச்சில் கலந்துவிடும்.

மூன்று வருடத்தில் நான் மாற்றியவை:
ஸ்பார்க் பிளக், இரண்டு தடவை.
ஏர் ஃபில்டர்.
எண்ணெய், மூன்று கம்பெனி.
பார்க்கிங் இடம், வாட்ச்மேன் திட்டியதால்.

மாற்றாதது அந்த வால்வு ஒன்றுதான். நாச்சாரத்தில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். எந்த அலமாரியில் எந்த வாஷர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது தெரியவில்லை.

இனி இதில் அவள் ஜெ. முழுப்பெயர் எழுத மனமில்லை.

தைலம் மறந்துபோனது.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனைக்கு மெர்ஸி ஜெ. காரில். நான் ஸ்கூட்டரில், ரெயின்கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு. "மழையில ஸ்கூட்டர்ல ஏறினா எனக்கு முதுகு போயிருங்க. அவதான் கூப்பிடுதாளே" என்றாள் மெர்ஸி. நியாயம்தான்.

அல்வால் பக்கம் சிக்னலில் அவர்கள் கார் என் முன்னால் நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்தது. இருவரும் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். மெர்ஸி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்த சீட்டில் என் பக்கத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தாள். அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. "மெதுவா போங்க", "அந்த ஆட்டோவைப் பாருங்க", இவைதான் ஞாபகம்.

மத்தியானம் கேட்டேன், என்ன சிரிப்பு என்று.

"சும்மாங்க. எங்க பாட்டுக் குழுவுல கீழ்க்குரல் பாடுற ஒருத்தி சுருதி விட்டுட்டா. அதைச் சொல்லிட்டு இருந்தோம்."

இதற்கு அவ்வளவு சிரிப்பா?

மீன் குழம்பு நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

வெயில், திடீரென்று. ஆபீசில் ஸ்டாக் சரிபார்ப்பு. நாள் முழுக்க நின்று கால் வீக்கம்.

ஷீபா போன். மாதாப்பூரிலிருந்து, ஆபீஸ் இடைவேளையில். அம்மா எல்லாம் சொல்லிவிட்டாளாம். "டாடி, சீரியஸ்லி? ஒரு சின்ன வால்வுக்காகவா வித்தீங்க? ஜெஸி ஆன்ட்டி சூப்பர் கதா!"

கதா. 'இல்லையா' என்பதைத் தெலுங்கில் சேர்த்துப் பாராட்டு வேறு. என் மகள்.

வண்டி பழையது, எப்படியும் விற்றிருப்பேன் என்று சொன்னேன். பொய். புகை வராதிருந்தால் விற்றிருக்கவே மாட்டேன்.

இன்று புதன், சர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சி. மெர்ஸி ஆறு மணிக்கே தயாராகி பால்கனியில் நின்றாள். ஹாரன் சத்தம் கேட்டதும் இறங்கிப் போனாள். என் ஹாரன் அது. அந்தச் சத்தம் வந்தால் எனக்கு இன்னமும் கை சட்டைப்பைக்குள் சாவியைத் தேடுகிறது.

ஜூலை 12, சனி

இன்று செய்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

காலை பத்து மணி. ஜெ. ஹெட்லைட் வேலை செய்துகொண்டிருந்தாள். முன்விளக்குக் கண்ணாடி இரண்டும் மஞ்சள் பூத்துப்போயிருந்தன, என் காலத்திலேயே. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, குழந்தை கண் மாதிரி ஆக்கிவிட்டாள். மேல் வீட்டுக்காரர், வாட்ச்மேன், மெர்ஸி எல்லாரும் வேடிக்கை. "எப்படி இருந்த வண்டி!" என்கிறார் மேல் வீட்டுக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே.

அடுத்து பல்பு. இரண்டும் புதிது. வலது பக்கம் மாட்டிவிட்டாள். இடது பக்கம் பேட்டரி மறைக்கிறது, ஒரு கையை உள்ளே விட்டுக் கம்பிக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் நின்றேன்.

"அண்ணா, அந்த பல்பக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அடியில பிடிங்க. கண்ணாடியத் தொட நக்கோ. விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டுச்சுன்னா அந்த இடம் ரொம்ப சூடாகி வெடிச்சிரும்."

காலையில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன்.

பெட்டியிலிருந்து எடுத்தேன். கட்டைவிரலைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினேன். தவறிப் படவில்லை. வைத்தேன். ஒரு சுற்று சுற்றினேன். பிறகு அடியில் பிடித்துக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ் அண்ணா" என்றாள். மாட்டினாள்.

மேலே வந்து கை கழுவினேன். மெர்ஸி காபி கொடுத்தாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

ஜூலை 13, ஞாயிறு

பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்த இடது விளக்கையே பார்த்தேன். பகலில் எரியாது, தெரிந்தும் பார்த்தேன்.

ஒரு பல்பு போனால் வேறு வாங்குவாள். அவ்வளவுதானே. அவளுக்கும் ஒன்று சரியாக வராமல் போகட்டும், ஒரே ஒரு தடவை.

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுதவில்லை. ஆஸ்பத்திரி.

நேற்று சாயங்காலம் அடித்துப் பெய்தது. பயிற்சிக்குப் போகாதே என்று சொல்ல நினைத்தேன். பல்பு ஞாபகம் வந்ததால்தான் நினைத்தேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? அதனால் சொல்லவில்லை. போனார்கள்.

ஒன்பது மணிக்கு ஜெ. போனிலிருந்து அழைப்பு. "அண்ணா, பயப்படாதீங்க. அக்காவுக்குக் கையில அடி. மெட்டுகூடா பக்கம் ஆஸ்பத்திரியில இருக்கோம். வாங்க."

திரும்பி வரும் வழியில் இடது விளக்கு அணைந்துவிட்டதாம். குழாய் போட சாலையோரம் தோண்டிய பள்ளம், தண்ணீர் நிரம்பி சாலை மாதிரியே இருந்திருக்கிறது. இடது முன்சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. மெர்ஸி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஜெ.க்கு நெற்றியில் வீக்கம், வேறொன்றும் இல்லை.

ஸ்கூட்டரில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. ரெயின்கோட் போட மறந்துவிட்டேன்.

மாவுக்கட்டுப் போடும் அறைக்கு வெளியே ஜெ. நின்றாள். சேலையெல்லாம் சேறு. என்னைக் கண்டதும் கைகூப்பினாள்.

"என் தப்புதான் அண்ணா. ஒத்த லைட்டோட ஓட்டினது என் தப்பு. நிறுத்தியிருக்கணும். மன்னிச்சிருங்க."

நான் சொன்னது: "சரி, விடும்மா."

மன்னித்தேன்! எழுதும்போது கை கூசுகிறது. என் தப்புக்கு அவளை நான் மன்னித்தேன்.

ஜூலை 19, சனி

லீவு. சோறு வடித்தேன், ரசம் வைத்தேன். ரசத்தில் உப்பு இல்லை. மெர்ஸி அப்படியே சாப்பிட்டாள். வலி மாத்திரை மூன்று வேளை. கையைத் தலையணை மேல் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

ஜெ. காலையும் மாலையும் வருகிறாள். இட்லி, சூப். வரும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

மத்தியானம் மெர்ஸி, "பாவம், அவ ராத்திரி தூங்கவே இல்லையாம். என் கையப் பாத்துப் பாத்து அழுதா. நீங்க அவகிட்ட ரெண்டு வார்த்தை நல்லதா பேசக் கூடாதா? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிய?"

அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். தலை எண்ணெய், கட்டைவிரல், சுற்றியது, எல்லாம்.

மெர்ஸி கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு?"

"தெரியல."

"தெரியாம எப்படி? சொல்லுங்க."

"நீ அந்த வண்டியில சிரிச்ச."

அவள் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை. கோபமா, வேறு ஏதாவதா?

"அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. சொன்ன பிறகு எங்கிட்டப் பேசுங்க." சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

மழை இல்லை. ஆராதனைக்குப் போகவில்லை. பதினோரு மணிக்குக் கீழே இறங்கினேன். இரண்டு தடவை படியிலேயே திரும்பி, மூன்றாவது தடவை பெல் அடித்தேன்.

நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"தெரியும் அண்ணா."

விளங்கவில்லை எனக்கு.

"அன்னிக்கே பார்த்தேன். பேட்டரிமேல குனிஞ்சிருந்தேன், ஆனா கண்ணு உங்க கைமேலதான். நீங்க மேல போனதும் பல்பக் கழட்டி, ஸ்பிரிட் போட்டு நல்லாத் துடைச்சு மறுபடியும் மாட்டினேன். லைட் போனது உங்களால இல்ல. பின்னாடி இருக்கிற ரப்பர் மூடி கிழிஞ்சிருந்துச்சு. அடுத்த வாரம் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். மழைத் தண்ணி உள்ள போயிருச்சு. கழட்டிப் பார்த்தா பல்பு சுத்தி முழுக்க ஈரம். அதான் ஆஸ்பத்திரியில சொன்னேனே, என் தப்புன்னு."

"பார்த்துட்டு ஏன் கேக்கல?"

"கைக்கு கேக்கணும், எதுக்குக் கேக்கணும்? தெரியாமப் பட்டிருச்சும்பீங்க. அப்புறம் அக்காவை என்கூட அனுப்ப மாட்டீங்க." நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "வேலையில இருந்து வந்தா இந்தக் காம்பவுண்டுல எனக்குப் பேசறதுக்கு அவங்க ஒருத்தங்கதான். புதனும் ஞாயிறும்தான் வாயத் திறக்கறேன்."

காபி போட்டுத் தந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்து குடித்தேன். என் காபியைவிட நன்றாக இருந்தது, அதுவும்.

நான் செய்யவில்லை என்று ஆனதும் மனது லேசாகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஆகவில்லை. பல்பு வெடிக்காவிட்டாலும் கட்டைவிரல் என்னுடையது. பார்த்தும் எட்டு நாள் என்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். என்னால் முடியுமா? நான் யாரையாவது அப்படி விட்டிருக்கிறேனா? அவளுடைய அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான். மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மேலே வந்து மெர்ஸியிடம் சொன்னேன். "துடைச்சிட்டாளா?" என்று கேட்டாள். மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். கீழே கார் இல்லை, சக்கரம் சரிபார்க்கப் போயிருக்கிறது. அந்த இடம் காலியாகத் தெரிகிறது. ரப்பர் மூடிக்கு ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளில் விசாரிப்பதாக ஜெஸியிடம் சொல்லியிருக்கிறேன். சாமான் தேடுவதாவது எனக்கு வரும்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது மெர்ஸி கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையால் தலைமுடியோடு போராடிக்கொண்டிருந்தாள். சீப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீங்களே பின்னி விடுங்க."

சனிக்கிழமைக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் வார்த்தை.

முப்பது வருடத்தில் அவள் முடியை நான் பின்னியதில்லை. மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. முதல் தடவை அவிழ்ந்தது. இரண்டாவது கோணல்.

"ஜெஸி நல்லாப் பின்னுவா" என்றாள் மெர்ஸி, என் பக்கம் திரும்பாமல். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

அவிழ்த்து மறுபடி ஆரம்பித்தேன். ஆபீசுக்கு நாற்பது நிமிடம் லேட்.