கிணற்றடிக்குப் போகும் பஸ்

இஞ்சாருங்கோ, உங்களைத்தான்,

இன்றைக்குப் பாரிஸ் லா சப்பலில் ஒரு கூட்டத்தில் ரூபனைப் பார்த்தேன். இங்கே பொண்டியில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்த அதே ரூபன், இப்போது இலங்கையில் பிரதி அமைச்சர். சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து பழையவர்களை விரட்டிய பிறகு வந்த புது ஆட்களில் ஒருவன். "ஆமிக்காரரும் இல்லை, பரம்பரைக்காரரும் இல்லை, படிச்ச பிள்ளையள்" என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தீர்களே, அந்தப் பிள்ளையள்தான்.

மண்டபம் நிறைந்த கூட்டம். என்னைக் கண்டதும் "அக்கா" என்று ஓடி வந்து கையைப் பிடித்தான். பொய் சொல்லமாட்டேன், மனம் குளிர்ந்துபோனது. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே நின்று, "அண்ணை, எங்கட ஆட்சி வரட்டும், ஆமி பிடிச்சு வைச்சிருக்கிற உங்கட காணியை எடுத்துத் தாறதுதான் முதல் வேலை" என்றவன் அல்லவா? உங்கள் சாம்பலை எங்கள் கிணற்றடியில் போடும்படி நீங்கள் என்னிடம் சொன்னதும் அந்த நம்பிக்கையில்தானே?

பிறகு திரையில் படம் போட்டார்கள். தொழில்நுட்பப் பூங்கா வரப்போகிறதாம், இடத்தை ட்ரோனில் எடுத்திருந்தார்கள். முள்ளுக்கம்பி, பற்றைக்காடு, நடுவில் எங்கள் கிணறு. வீடு இல்லை. மேசன் சிரிக்கச் சிரிக்க நீங்கள் அடம்பிடித்து எண்கோணமாகக் கட்டுவித்த கிணற்றுக்கட்டு எனக்குத் தெரியாதா? ஊரை விட்டு வந்த பிறகு இன்றைக்குத்தான் கண்டேன். சனம் கைதட்டியது.

எழும்பிக் கேட்டேன். "தம்பி, அது எங்கட காணியெல்லோ?"

"ஓம் அக்கா, இழப்பீடு குடுப்பம். பழசையே பிடிச்சுக்கொண்டு இருந்தால் நாடு எப்பிடி முன்னேறும்? நீங்களும் இதிலை முதல் போடலாம்."

சொந்தக் காணியிலேயே பங்கு வாங்கச் சொல்கிறான், கேட்டீர்களா?

ஆமி பிடித்தபோதுகூட இப்படி நோகவில்லை. ஆமிக்காரன் என் கையால் சோறு தின்றவனில்லையே. இதைப் பார்க்க நீங்கள் இல்லாதது நல்லது என்று நினைத்தேன். உடனேயே, ஏன் என்னைத் தனியே விட்டுப் போனீர்கள் என்று உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். முதல் போட விரும்புகிறவர்கள் ஊருக்கு வந்தால் இடம் காட்ட பஸ் விடுகிறார்களாம், ஆமி முகாம் வாசலுக்குள்ளாலேயே. காணிக்காரரை ஒருநாளும் விடாத வாசல். என் பெயரைக் கொடுத்தேன்.

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். முதல் போடக் காசு எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"காணி பாக்க என்னத்துக்கடி காசு?" என்றேன்.

உங்களை வீட்டில் வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டம் விடவில்லை. சாம்பல் பெட்டி மயானத்தில்தான் இருக்கிறது. பஸ் போகிற நாள் தெரிந்ததும் வந்து எடுப்பேன். ரூபன் கையை நீட்டிப் பூங்காவைக் காட்டிக்கொண்டு முன்னே நடக்கட்டும். நான் கைப்பையோடு கிணற்றடிக்குப் போவேன். இது சத்தியம். கட்டுகிறதென்றால், அவர்கள் இனி உங்களுக்கு மேலேதான் கட்டவேண்டும்.

உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகும்,
உங்கள் மனுசி
செல்வம்