கார் விற்பனைக்கு இல்லை

கோவில்பட்டி,
ஞாயிறு சாயந்திரம்.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா அமுதவள்ளி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், காரும் நலம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க செண்பகவல்லித் தாயைக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் அப்பா இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் கேட் வரை நடக்கிறார், வலது கால் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, சாப்பாட்டில் உப்பைக் குறைத்ததற்கு என்னோடு தினமும் சண்டை. நம் மானாவாரிக் காட்டில் உளுந்து விதைத்துப் போட்டிருக்கிறது, ஒரு மழை கிடைத்தால் முளைத்துவிடும், வானம் இறங்க மாட்டேன் என்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் நீ வீடியோவில் பாதிதான் பார்த்தாய், மீதியை நான் சொல்கிறேன். அப்பாவைத் திருநெல்வேலி டாக்டரிடம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன், கயத்தாறு வருவதற்கு முன்பே சூடு காட்டுகிற முள் சரசரவென்று மேலே ஏறியது, பானட் இடுக்கிலிருந்து ஆவி. நான் பதறவில்லை. ஓரம் கட்டினேன், இன்ஜினை நிறுத்தினேன், அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி மர நிழலில் உட்கார வைத்தேன். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய், ஆவியைப் புகை என்று நினைத்து வண்டி எரிகிறது என்று கத்திவிட்டுப் போனையும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு லாரிக்காரர் நிறுத்தி உதவிக்கு வந்தார், நல்ல மனுஷர்தான், ஆனால் வந்த வேகத்தில் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். அண்ணாச்சி, மூடியில கை வைக்காதிய, உள்ள கொதிக்குது, மூஞ்சி வெந்துரும் என்று நான்தான் தடுத்தேன். டிரைவர் எங்கன போயிட்டாரு என்று அவர் உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். இந்தா நிக்காளே என்று உன் அப்பா கம்பால் என்னைக் காட்டினார்.

அன்றைக்கே நீ அப்பாவிடம் பேசி காரை விற்றுவிடச் சொல்லி, உன் சித்தப்பா மகன் சுடலைக்குமாரே எடுத்துக்கொள்வான் என்று ஏற்பாடும் பண்ணிவிட்டாய், அவரும் சரி என்றுவிட்டார். வண்டியை ஓட்டுகிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் பொடிப் பையன்களோடு வரிசையில் நின்று கற்று, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள் நான். ஞாயிற்றுக்கிழமை சுடலைக்குமார் வருவான் என்றார்கள். அதற்குள் காரைச் சரி பண்ணி ஓட்டிக் காட்டாவிட்டால் என் பேச்சு எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு டாக்டரைப் பார்க்காமலே திரும்பி, வண்டியைக் கட்டி இழுத்து வந்து மெக்கானிக் லிங்கராஜ் பட்டறையில் விட்டிருந்தோம், புதன்கிழமை காலையில் நானும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, வேலை முடிஞ்சா அண்ணாச்சிக்குப் போன் போடுதேன் என்றான். எனக்கே போடு, நான் எங்கேயும் போகவில்லை என்றேன். நம் கார் பழசு, அதன் ரேடியேட்டர் பித்தளை. மேல் ஹோஸ் மாட்டுகிற குழாய் அடியில் அரித்து விண்டு போயிருந்தது. கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான், வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிக்குமே, அதே வெள்ளைப் பொருக்கு. யக்கா, இது ரேடியேட்டரா தூத்துக்குடி உப்பளமா, என்ன தண்ணி ஊத்துதீங்க என்றான். போர் தண்ணீர்தான் என்றேன். தப்பு என்னுடையது, மறைக்கவில்லை. குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற தெருவில், பிடித்து வைத்த நல்ல தண்ணீரைக் காருக்கு ஊற்ற எவளுக்கு மனசு வரும். மூன்று கோடையாக உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினேன், குறையக் குறைய, வெயிலுக்கு வண்டியும் தாகமாகக் குடிக்கிறது என்று நினைத்தேனே தவிர ஒழுகுகிறது என்று தோன்றவில்லை. இதை நீ சொல்லிச் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

கார விக்கப் போறியளாமே, பசையப் போட்டு அடைச்சுத் தாரேன், ஒரு மாசம் தாங்கும், பொறவு வாங்குனவன் பாடு என்றான் லிங்கராஜ். எனக்கு வந்ததே கோபம். விற்கிறேன் என்று எவன் சொன்னான், அப்படியே விற்றாலும் வாங்குகிறவன் நடு ரோட்டில் நிற்பதற்கா விற்பேன் என்று கேட்டேன். அவன் பசை டப்பாவை மூலையில் தூக்கிப் போட்டான். அரித்த குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பித்தளைக் குழாய் வைத்து ஈயத்தால் பற்ற வைத்தான், மருந்து விட்டுப் பொருக்கை எல்லாம் அலசினான். தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தபோது ஓரத்தில் சின்னதாய் ஒரு குமிழி. இது ஒண்ணும் செய்யாதுக்கா என்றான். மறுபடியும் பற்ற வை என்றேன். மூன்றாவது தடவைதான் குமிழி நின்றது. புது ஹோஸ், புது கிளாம்ப், கூலன்ட், அதோடு கலக்க பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர், எல்லாம் என் கண் முன்னால். வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் சாத்தூர் வரை தனியாக ஓட்டிப்போய்த் திரும்பினேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

இன்றைக்குக் காலையில் சுடலைக்குமார் வந்தான். நான் வாயைத் திறக்கும் முன்னே, பெரியப்பா, சாவியத் தாங்க, ஜெயாக்கா எல்லாம் பேசிட்டா என்றான். உனக்குத் தெரியும், வாதம் வந்ததிலிருந்து உன் அப்பா ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, மூன்று வருஷம் ஆகிறது, ஆனாலும் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு வாங்க வேண்டும். அவர் சாவியை எடுத்தார். கம்பை ஊன்றி எழுந்து என் பக்கம் வந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏலே சுடலை, பிள்ளை பயந்துட்டாளேன்னு சரின்னு சொல்லிட்டேன், வண்டி ஓட்டுதவ இவ, இவகிட்ட கேளு என்றார். கண் நிறைந்துவிட்டது ஜெயா. சின்னப் பயல் முன்னால் அழக் கூடாது என்று காப்பி போட அடுப்படிக்குப் போய்விட்டேன். காப்பியைக் கொடுத்துவிட்டு, தம்பி, கார் விற்பனைக்கு இல்லை என்றேன். அவன் குடித்துவிட்டுப் போனான்.

பதினேழு வயதில் நீ கோயம்புத்தூர் போய்ப் படிக்கிறேன் என்றபோது, பொட்டப்பிள்ளையைத் தனியாக ரயிலேற்றாதே என்று சொந்தம் மொத்தமும் சொன்னது. எனக்குப் பயம் இல்லாமலா இருந்தது. ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் போகாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. உன் பயத்தை நீயும் அப்படி வைத்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்காக என்னை வீட்டில் உட்கார வைக்காதே. இந்தத் தெருவில் என் வயதுக்காரிகள் எல்லோரும் யார் கூட்டிப்போவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படி இருக்க மாட்டேன்.

நீ ஓட்டுகிற காரிலும் வாரம் ஒரு தடவை, வண்டி ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து கூலன்ட் அளவைப் பார். பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. நாளை மறுநாள் அப்பாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறேன், வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டேன். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், நினைத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். டிசம்பர் லீவுக்கு வரும்போது மதுரை ஏர்போர்ட்டுக்கு டாக்சி சொல்லிவிடாதே, நானே வந்து கூட்டி வருவேன். நீங்கள் மூன்று பேரும் பின் சீட்டு. முன் சீட்டில் அப்பா இருப்பார்.

இப்படிக்கு,
ஆசியுடன் உன் அம்மா,
பெ. அமுதவள்ளி