பைக்கைத் தூக்கி வைத்த கதை

மார்ச் 2

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டூல்மேல் ஏறி, மனைவியின் தையல் டேப்பால் கூரை உயரத்தை அளந்தேன். இறங்கும்போது ஸ்டூல் நழுவ, பைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக் கிடந்தேன். கதவைச் சாத்தியதற்குக் காரணம் எதிர்வீட்டுக்காரர். நான் அவருக்கு வைத்த பெயர் வானொலி. தெருவில் யார் தும்மினாலும் நேரடி ஒலிபரப்பு.

அளந்ததற்குக் காரணம் மனைவி. அடுத்த மாதம் முதல் கராஜில் தையல் வகுப்பு நடத்தப் போகிறாள். ரொம்ப வருஷத்து ஆசை. ஆட்கள்கூடச் சேர்ந்துவிட்டார்கள்.

"ஒண்ணு உங்க பைக் இருக்கணும், இல்ல என் மெஷினுங்க இருக்கணும். நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் இருக்கும்," என்றேன். இந்த வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

மார்ச் 5

பைக்கைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வாங்கப் போனோம். மூன்று வகை இருந்தது. கத்தரி மாதிரி விரிந்து தூக்குவது ஒன்று. இடுப்பளவுதான் ஏறும், ரிப்பேருக்கு ஆகும், இடம் மிச்சமாகாது. இன்னொன்று சக்கரம் வைத்த தகடு. பைக்கை அதில் ஏற்றிப் பக்கவாட்டில் தள்ளினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஒற்றைத் தூண். அதன் தட்டில் பைக்கை ஏற்றினால் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திவிடும். அடியில் மேசை போடலாம்.

மனைவி தகட்டைக் காட்டினாள். "இது போதுமேங்க. தள்ளினா போச்சு."

"தள்ளிக்கிட்டுப் போறதுக்கு இது என்ன காய்கறி வண்டியா?"

கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத் தூணை வாங்கினேன்.

மார்ச் 9

கடை ஆட்கள் வந்து தூணைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 10

கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றினேன். பெல்ட் போட்டு இறுக்கி, பட்டனை அமுக்கினால் — அடடா, ஒரு முனகல்கூட இல்லாமல் மேலே போயிற்று! அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள்.

மார்ச் 11

எங்கள் கராஜ் கதவு ரிமோட்டை அமுக்கினால் மேலேறி, கூரைக்கு அடியில் உள்பக்கமாகப் படுத்துக்கொள்கிற ரகம். நான் அளந்ததோ சாத்தி வைத்து. திறந்தால் கதவு வந்து படுக்கிற இடத்தில்தான் பைக்கைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மனைவி துணிமூட்டையோடு வந்து வெளியிலிருந்து ரிமோட்டை அமுக்கினாள். கதவு ஏறி, வளைந்து, பைக்கின் முகத்திலேயே குத்திற்று. ஹெட்லைட் தூள். டேங்கில் குழி. பாதியில் நின்ற கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி. அவளுக்குப் பின்னால், கைகட்டிக்கொண்டு, வானொலி.

அவர் முன்னால் என் தப்பு தெரிந்துவிடுமே என்று ஒரு கணம். அவ்வளவுதான். "போன் பண்ணிட்டுத் திறன்னு காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

சொல்லவே இல்லை.

"சொன்னீங்களா?" என்றாள்.

"பின்னே?"

"எனக்கு ஞாபகமே இல்லையேங்க."

"வயசாகுதுல்லம்மா," என்றார் வானொலி, மிகுந்த அக்கறையோடு.

மார்ச் 12

இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

மார்ச் 15

அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் போய்ப் பார்க்கிறாள். கராஜ் வாசலில் 'திறக்கும் முன் போன்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள். என் பொய், அவள் கையெழுத்தில்.

மதியம் அவள் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "அம்மாவுக்கும் இப்படித்தானேக்கா ஆரம்பிச்சுது?"

சொல்லித் தொலையேன்டா! கடைக்காரரைச் சிரிக்க வைக்க மட்டும் முந்திக்கொண்டு வந்த வாய், இப்போது எங்கே போயிற்று?

மார்ச் 18

வகுப்பில் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இப்போதைக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மறதிக்காரி கையில கத்தரியைக் கொடுத்துட்டு யாருங்க வந்து உட்காருவா? பைக்கே இருக்கட்டும்."

நான் ஆசைப்பட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 20

டாக்டரிடம் போனோம். கடைசியாக எதை மறந்தீர்கள் என்று கேட்டார். கராஜ் கதையைச் சொன்னாள். ஒன்றுவிடாமல், பைக்கைக் கட்டியிருந்த பெல்ட்டின் நிறம் வரைக்கும். இவளா மறதிக்காரி?

"காலையில சொன்னதே நினைவில்லைங்கிறாங்க. அப்படித்தானே சார்?" டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லவே இல்ல டாக்டர்."

"எதை?"

"போன் பண்ணச் சொல்லி… சொல்லவே இல்ல. கதவைச் சாத்திட்டு அளந்துட்டேன். தப்பு என்னோடது. எதிர்வீட்டுக்காரர் நின்னாரு, அதனால…"

எவ்வளவு அற்பமான காரணம்! வாய்விட்டுச் சொல்லும்போதுதான் தெரிந்தது. மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க. வாய்க்கு."

வீட்டுக்குள் நுழையும்போது சொன்னாள்: "என் மண்டையை நானே தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்க."



மார்ச் 21

வானொலியிடம் நானே போய்ச் சொன்னேன். அவரிடம் சொன்னால்தானே தெருவுக்கெல்லாம் போய்ச் சேரும். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அவசரமில்ல, நிதானமா சொல்லுங்க," என்றார். நிதானமாகச் சொன்னேன்.

மார்ச் 23

பைக்கை விற்கிறேன் என்றேன். "உங்க இஷ்டம்," என்றாள். வகுப்பில் சேர்ந்தவர்களை மறுபடி அழைக்கச் சொன்னேன். "கூப்பிட்டாச்சு," என்றாள்.

ஏப்ரல் 3

கராஜ் நிறையப் பெண்கள், சிரிப்பு, நூல். லிஃப்டின் தட்டில் அகலப் பலகை போட்டு, அதைத் துணி வெட்டும் மேசையாக்கிவிட்டாள். குள்ளமானவருக்கு இறக்க வேண்டும், நெட்டையானவருக்கு ஏற்ற வேண்டும். பட்டன் அமுக்குவது என் வேலை. "கொஞ்சம் தூக்குங்க… போதும்." என்னிடம் இன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான். ஆனாலும் பேசினாள்.

பைக்கைக் காலையில் கொண்டுபோய்விட்டார்கள். வாங்க வந்தவர் மீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது ஓடாதா சார்?" என்று கேட்டார். ஓடும். எட்டு வருஷத்தில் பதினாறு கிலோமீட்டர், ஷோரூமிலிருந்து வீடு வரை. ஓட்டி வந்தது மனைவியின் தம்பி. நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.