உளுந்தில் கிடந்த கண்ணாடி

சோழபுரம் வழி,
14-3-1988, திங்கள்.

அன்புள்ள அத்தானுக்கு,

அன்னாள் எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் நானும் பிள்ளைகளும் சுகம். பதான்கோட்டில் குளிர் குறைந்துவிட்டதா? பெரியவள் பரிபூரணத்துக்கு அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிவிட்டோம். சின்னவன் உங்கள் பழைய பட்டாளத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோழிகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுகிறான்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. "வாயைத் திறக்காதே" என்று மூன்று இடத்தில் எழுதி, மூன்றிலும் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் கார் விபத்தைப் பற்றிப் போன தடவை நான் பாதிதான் எழுதியிருந்தேன். மீதியையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அன்று மத்தியானம் நம் உளுந்தஞ்செடியை ரோட்டில் பரப்பியிருந்தேன். வருஷா வருஷம் எல்லாரும் செய்கிறதுதான். பஸ்சும் லாரியும் ஏறிப் போனால் அடிக்கிற வேலை மிச்சம். நாலு மணிக்கு மேல் சக்கையை எடுத்துவிட்டு, மணியைக் கூட்டி ஓரமாகக் குவித்தேன். ஓரம் என்று நான்தான் சொல்கிறேன், பாதி ரோடு வரை இருந்தது. வண்டி ஏறிச் சிதறக் கூடாதே என்று சுற்றி ஏழு கல் வைத்தேன், ஒவ்வொன்றும் தலை அளவு. வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் செத்த நேரம் உட்கார்ந்தேன். இராஜபாளையத்திலிருந்து வந்த டாக்சி கல்லைக் கண்டதும் வலது பக்கம் ஒடித்தது. எதிரே சிவகிரியிலிருந்து ஒரு கார். இரண்டும் நேருக்கு நேர் மோதின. டாக்சி டிரைவர் அகமது கபீரும், எதிர்க்காரில் வந்த மலைச்சாமி என்ற பெரியவரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

காயம்பட்டவர்களை ஆண்கள் தூக்கிக்கொண்டு ஓட, நம் தெருச் சங்கிலிப்பாண்டி அண்ணன் மற்றவர்களைக் கூப்பிட்டு, "ஏலே, போலீசு வாரதுக்குள்ள கல்லெல்லாம் ஓடையில தள்ளுங்க. ஏட்டி அன்னாளு, நீ உளுந்தை அள்ளு" என்றார். நானும் அள்ளினேன், அத்தான். இரண்டு பேர் செத்துக் கிடக்க, நான் துடைப்பத்தை எடுத்தேன். இதைத்தான் உங்களுக்கு எழுதாமல் விட்டேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்து ரோட்டை அளந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியில் பழுது இல்லை என்றார். வெறும் ரோட்டில் டாக்சி ஏன் வலது பக்கம் போக வேண்டும்? டிரைவர் தூங்கிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். அவர்கள் பேரில் குற்றம் இல்லை. கண்ணில் பட்டதைத்தான் எழுத முடியும்.

இரண்டு வாரம் முன்னால் அந்த டிரைவரின் மனைவி நூர்னிசா நம் தெருவுக்கு வந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீடு வீடாகக் கேட்டுவிட்டு நம் வாசலில் வந்து நின்று, "அக்கா, அவிய வண்டியில தூங்குற ஆளு இல்ல. பதினெட்டு வருசமா ஓட்டுனாவ. குடிச்சிருப்பாருன்னு வேற ஊருல பேசுதாங்க. எதைப் பாத்து ஒடிச்சாவன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள். நான் வயலில் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லாயிருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் விடவில்லை. கலெக்டருக்கு மனுப் போட்டு, மறு விசாரணைக்கு உத்தரவு வாங்கிவிட்டாள். வருகிற வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் டி.எஸ்.பி. ஆபீசில் விசாரணை, பார்த்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். அன்றைக்கே சங்கிலிப்பாண்டி அண்ணன் வந்து, "ஒருத்தி வாயத் தொறந்தா ஊரே கோர்ட்டுக்கு அலையணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதமாக அந்த மூட்டையைத் தொட மனம் வரவில்லை. நேற்று கோயிலுக்குப் போய் வந்து, விதைக்காவது ஆகுமா என்று முறத்தில் போட்டேன். புடைக்கப் புடைக்கக் கண்ணாடித் துண்டாக வந்தது, கற்கண்டு மாதிரி, கை நிறைய. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், அடிவரை இருக்கிறது. காரின் கண்ணாடி உடைந்தபோது உளுந்து ரோட்டில் கிடந்தது என்று நான் வாயால் சொன்னால் நம்பாமல் போகலாம். இதைப் பார்த்தால் யாராலும் மறுக்க முடியாது.

ஆகையால் போகிறேன். மூட்டையை அப்படியே டவுன் பஸ்சில் ஏற்றி, இராஜபாளையத்தில் பஸ் மாறிப் போய்க்கொள்வேன். வேறு யார் யார் ரோட்டில் பரப்புவார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கிடந்தது என் உளுந்து, நான் வைத்த கல். அது ஓடையில் எங்கே கிடக்கிறது என்றும் காட்டுவேன். என் பேரில் கேஸ் எழுதினால் எழுதட்டும். நூர்னிசாவிடம் நான் சொன்னது பொய் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் பயமாக இருக்கிறது. பிள்ளைகளை இன்பம் மைனி பார்த்துக்கொள்வாள். அவளிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வேண்டாம் என்று நீங்களும் தந்தி அடிப்பீர்கள். உங்கள் பேச்சை நான் இதுவரை மீறியதில்லை. அதனால்தான் கடிதம். இது உங்கள் கைக்கு வரும்போது வியாழக்கிழமை போயிருக்கும்.

கர்த்தர் உங்களுக்குத் துணையிருப்பாராக. ஜெபிக்கும்போது நம் பிள்ளைகளோடு அந்த இரண்டு வீட்டாரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் அன்னாள்.