யானெத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதம்

மெலோ, ஆகஸ்ட் 19

அன்பு மகள் ரோசியோவுக்கு,

அங்க உன் உடம்பும் வேலையும் ஒழுங்கா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன். இங்க நானும் உன் தம்பி எலியாஸும் உயிரோட, வயித்துக்குக் குறையில்லாம இருக்கோம், நம்ம ஊர் ஆகஸ்ட் குளிருக்கு அதுவே போதும். நாலு நாளா மழை விடல, துணியெல்லாம் அடுப்புக்கு முன்னால நாற்காலி முதுகுலதான் காயுது. எலியாஸுக்கு இருமல் இறங்கிடுச்சு. என் வலது தோள்தான் பழையபடி, அவனைக் கட்டில்லேருந்து தூக்குறப்ப மளுக்குன்னு சத்தம் வருது. அறுபத்தாறு வயசுக்காரன் இருபத்தேழு வயசுப் பிள்ளையைத் தூக்கினா தோள் சும்மா இருக்குமா. போன்ல நீ கேட்டப்ப இவனைப் பார்த்துக்கிட்ட யானெத் வேலையை விட்டுப் போயிட்டாள்னு மட்டும் சொன்னேன், ஏன் எப்படின்னு சொல்லல. எலியாஸ் பக்கத்துல இருந்தான், அதோட எனக்கு வெட்கமாவும் இருந்துச்சு. எழுதுறதுன்னா கொஞ்சம் சுலபம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அவ வர்றதுக்கு முன்னால நாலு வருஷத்துல ஆறு பேர் வந்து போனது உனக்குத் தெரியும். அரசாங்கம் மாசம் எண்பது மணி நேரத்துக்கு ஆள் கொடுக்குது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வர்றவங்க நிக்கணுமே. ஒருத்தி சூப்பர்மார்க்கெட் கல்லாவுக்குப் போனா, ஒருத்தன் அரிசி மில்லுக்குப் போனான், இன்னொருத்தி எப்படித் தூக்கணும்னு தெரியாம இவனைத் தூக்கி முதுகைப் போக்கிக்கிட்டுப் போனா. யானெத் மட்டும்தான் ரெண்டரை வருஷம் நின்னா. எலியாஸோட எழுத்துப் பலகையில விரலை வரிசை வரிசையா நகர்த்திக்கிட்டு, அவன் கண்ணை மேல தூக்குற எழுத்துல நிறுத்தி வார்த்தை கூட்டுறதுக்கு அவளை மாதிரி பொறுமை எனக்கே கிடையாது. ஆனா அவளும் ஒரு நாள் மாத்தே தேநீரை உறிஞ்சிக்கிட்டே சொன்னா, "ஐயா, இந்த வேலையை நான் பத்து வருஷம் பார்த்தாலும், நேத்து சேர்ந்தவளும் நானும் ஒண்ணுதான். அதே பேர், அதே சம்பளம். இதுல மேல போக ஒரு படிகூட இல்ல." நான் கேட்டுட்டு வெந்நீர் ஊத்திக் கொடுத்தேன்.

ஜூன் மாசம் அந்தப் படி வந்துச்சு. தலைநகர் மொண்டேவிடியோல பதினோரு மாசப் படிப்பு, செலவும் தங்குற இடமும் அரசாங்கத்தோடது. முடிச்சு வந்தா இந்த மாவட்டத்துல புதுசா சேர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்குற வேலை, சம்பளமும் மேல. நம்ம ஊருக்கு ரெண்டே இடம். விண்ணப்பத்தோட, அவ வேலை பார்த்த வீட்டுக்காரங்க ஒரு கடிதம் எழுதித் தரணும். அவ அதுக்கான தாளை மேசையில வெச்சு, "நேரம் கிடைக்கிறப்ப எழுதுங்க ஐயா"ன்னுட்டுப் போனா. நான் எடுத்து சமையலறை இழுப்பறையில, கரண்டிகளுக்கு அடியில வெச்சேன். பத்தொன்பது நாள் அங்கேயே கிடந்துச்சு ரோசியோ. முதல் தடவை கேட்டப்ப கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னேன். ரெண்டாவது தடவை, கையெழுத்து நல்லா இருக்கணும்னு பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்ட கொடுத்திருக்கேன்னேன். ரெண்டும் பொய். அப்புறம் அவ கேட்கல. வழக்கம்போல வந்தா, எலியாஸுக்கு நகம் வெட்டினா, சூப்பை மசிச்சு ஊட்டினா. அவ கேட்டிருந்தாகூடத் தேவலாம்.

கடைசித் தேதிக்கு மூணு நாள் இருக்கிறப்ப எலியாஸ் பலகை வேணும்னு கண்ணைக் காட்டினான். அவன் சக்கர நாற்காலி எப்பவும் அந்த இழுப்பறையைப் பார்த்துத்தான் நிக்கும், எனக்கு அது தோணவே இல்ல. நான் எழுத்தெழுத்தாக் கூட்டினேன், வந்த வார்த்தை, "திருட்டு." எனக்குக் கோபம் வந்துடுச்சு. "யாருக்காகடா செஞ்சேன், உனக்காகத்தானே? அவ போயிட்டா உன்னை யார் பார்ப்பா?"ன்னு கத்தினேன். அவன் அவசரப்படல. மறுபடி பலகை. "உங்க தோளுக்காக." அதோட கண்ணை மூடிக்கிட்டான். பேச்சை முடிக்கணும்னா அவன் அப்படித்தான் பண்ணுவான்னு உனக்குத் தெரியும். நான் மழையில கொட்டகைக்குப் போய் நின்னேன். அவன் சொன்னது பாதி நிஜம் இல்ல, முக்கால்வாசி நிஜம்.

மறுநாள் காலையில கடிதத்தைத் தானே சொல்றேன்னான். நான் எழுதணும். ரெண்டு மத்தியானம் ஆச்சு. எனக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு அதுல வந்துச்சு. அவ வந்த முதல் மாசம் குளிப்பாட்டுறப்ப இவனைக் கீழ போட்டுட்டாளாம். இடுப்புல ஒரு வாரம் நீலமா இருந்துச்சாம். நான் பயந்து அவளை அனுப்பிடுவேன்னு ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சுட்டாங்க. மறுநாளே அவ ஆஸ்பத்திரிக்குப் போய், அங்க இருக்குற பிசியோதெரபி அம்மாகிட்ட எப்படிப் பிடிக்கணும் எப்படித் தூக்கணும்னு கேட்டுக்கிட்டு வந்தாளாம். எழுதிக்கிட்டிருந்த கை நின்னுபோச்சு. அவன் மேல எழுதுங்கன்னு சொல்ற மாதிரி பலகையையே பார்த்தான். கடைசியா அவன் சொன்னதை அப்படியே எழுதுறேன்: "இவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. இவ படிச்சது என் உடம்புல. இனிமே வர்றவங்க வகுப்புல படிச்சுட்டு வரட்டும்." அடியில நான், "சொன்னது என் மகன், எழுதினது நான்"னு போட்டுக் கையெழுத்து வெச்சேன். வெள்ளிக்கிழமை நானே குடையோட போய் அலுவலகத்துல கொடுத்தேன். அங்க இருந்த பொண்ணு நின்னபடியே வாசிச்சுது, வாசிச்சு முடிச்சு முத்திரை குத்துச்சு.

இடம் கிடைச்சுது. பஸ் ஏத்திவிடப் போனப்ப யானெத்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். "தெரியும் ஐயா, கரண்டி எடுக்குறப்ப பார்த்தேன்"னா. அப்புறம் ஏன் எடுத்துக் காட்டிக் கேட்கலன்னேன். "கேட்டிருந்தா எழுதியிருப்பீங்க. மனசில்லாம எழுதின கடிதத்தை வாங்கிக்கிட்டு அந்த வீட்டுக்குத் தினம் எப்படி வர்றது? அதோட, எனக்கும் போகப் பயமாத்தான் இருந்துச்சு, அது அங்கேயே கிடக்கட்டும்னுகூட நினைச்சேன்"னா. என் கன்னத்துல முத்தம் கொடுத்துட்டு ஏறிட்டா. நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

இப்ப எல்லாம் கஷ்டம்தான், மறைக்கல. மூணு வாரம் எலியாஸை நான் ஒருத்தனாத்தான் பார்த்தேன். போன திங்கட்கிழமைதான் பிரீசான்னு இருபத்திரண்டு வயசுப் பொண்ணு வந்திருக்கா. நல்ல பொண்ணு, ஒண்ணும் தெரியாது, அவன் முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில இடிச்சுட்டா. நீ லீவு போட்டு வர்றேன்னு சொன்னியே, வேண்டாம். அங்க நீயும் நாள் முழுக்க யாரோட அப்பாவையோ தூக்கிக்கிட்டுத்தான் இருக்கே. உனக்கு அங்க இதுக்குப் படிப்பு ஏதாவது கொடுக்கிறாங்கன்னா விடாதே, யார்கிட்டயாவது கடிதம் வாங்கணும்னா மூணாவது தடவையும் கேளு.

இன்னிக்கு பிரீசாவுக்கு எப்படித் தூக்கணும்னு காட்டலாம்னு உள்ள போனேன். எலியாஸ் பலகையில, "அப்பா வெளியே"ன்னான். தானே சொல்லிக் கொடுக்கிறானாம். அதான் மழைச் சாரல்ல கொட்டகையில உட்கார்ந்து இதை எழுதுறேன். அவ ஒவ்வொரு எழுத்தா சத்தமாச் சொல்றது இங்க வரைக்கும் கேட்குது. மூணாவது எழுத்துல தப்புப் பண்றா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறா. நான் எழுந்து போகல.

கடவுள் உன்னைப் பார்த்துக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை கூப்பிடுறப்ப தம்பிகிட்ட முதல்ல பேசு. அவன் பதில் கூட்டி முடிக்கிற வரைக்கும் காத்திரு, நடுவுல நீயா வார்த்தையைப் போட்டு முடிக்காதே.

உன் அப்பா,
எபேர்