ஆட்டுப் பாட்டும் எனக்கு விழுந்த கைதட்டலும்

அக்கா,

உங்கள் கருமாதியில், உங்கள் படத்துக்கு முன்னாலேயே நின்று, உங்களுக்குச் சேரவேண்டிய பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியது மட்டுமா, தலையைக் குனிந்து அடக்கம் வேறு காட்டினேன். படையலில் இருந்த ஆட்டுக்கறிப் பிரட்டலின் மணம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. நீங்களே ஆளனுப்பிப் பிடித்ததுபோல இருந்தது.

ஆட்டுக்கறி என்றால் எனக்குக் கிரேக்கர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்த வியாதியை ஒட்டவைத்தது நீங்கள். நாம் வேலை பார்த்த பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில், குடும்பங்களும் வரும் தீபாவளி விருந்துக்கு எல்லாரும் சினிமா டான்ஸ் கேட்டபோது, பழைய கிரேக்கர்கள் மாதிரி ஒரு சோக நாடகம் போடலாம் என்றீர்கள். அந்த நாடகத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கே ஆட்டுப் பாட்டு என்றுதான் பொருளாம். ஆடு பரிசா, பலியா என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் சண்டையாம்.

"அப்ப சாப்பாட்டுல மட்டன் உண்டுதானே, அக்கா?"

"உன் வயித்துக்குத் தனியா ஒரு நாடகம் போடணும் லா."

மதுவின் தெய்வத்துக்குக் கிரேக்கர்கள் எடுத்த திருவிழாவில் கூட்டமாக ஆடிப் பாடினார்கள். அதிலிருந்து ஒருவன் விலகி நின்று பதில் பேசினான். நடிகன் அங்கே பிறந்தான் என்பீர்கள். "கூட்டத்துல நிக்கிறது சுலபம், தம்பி. ஒரு அடி முன்னால வைக்கிறதுதான் நடிப்பு." கூட்டத்தில் நின்று ஊர்க்கதை பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனாலோ என்னவோ, அந்த ஓர் அடியை எனக்கே கொடுத்தீர்கள்.

அவர்கள் முகமூடி போட்டு நடித்தார்களாம். நமக்கா பஞ்சம்? தூசி நுழையாத அறையில் தினமும் மாட்டுகிற வெள்ளை அங்கி, தலைமூடி, வாய்மூடி. கழித்துப்போட்டவற்றைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். மாட்டியபின் கண் மட்டும்தான் தெரியும். ஆணும் பெண்ணும் ஒன்றுதான்.

கதை நீங்கள் எழுதியது. எதிரி என்று நினைத்து ஒரு ராணி கோட்டைக் கதவைத் திறக்க மறுக்கிறாள். வெளியே நிற்பது அவள் மகன். "அவ கெட்டவ இல்ல, அம்பு குறி தவறுற மாதிரி கணக்கு தவறிருச்சு, அவ்வளவுதான்." மகனின் சாவை மேடையில் காட்டக்கூடாது, தூதன்தான் வந்து சொல்லவேண்டும் என்றீர்கள். அவன் சொன்னதும் ஊரார் கூட்டத்திலிருந்து நான் முன்னால் வந்து, "அவன் தட்டிய சத்தம் எனக்கும் கேட்டது" என்று தொடங்க வேண்டும்.

தூதன் சொல்லி முடித்தான். என் கால் நகரவில்லை. ஊர்வாய் முழுக்க என்னிடம் இருந்தும் ஒரு சொல் வரவில்லை.

ஆள் குறைந்ததால் நீங்களும் அங்கி மாட்டி ஓரத்தில் நின்றிருந்தீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் போய் என் வசனத்தைப் பேசினீர்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. நம் இருவருக்கும் ஒரே உயரம். நிகழ்ச்சித் தாளில் என் பெயர். வாய்மூடிக்குள் குரல் கம்மியதால் பெண்குரல் என்று யாருக்கும் தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று வந்து நின்றபோது, "நீயே வச்சுக்க, தம்பி" என்று சிரித்தீர்கள். வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டேன்.

கருமாதியிலும் அதே கதைதான். "தம்பி பேசி அன்னைக்கு எங்களையெல்லாம் அழவச்சிட்டாரு" என்றார் உங்கள் நாத்தனார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் மட்டும் இலையில் கறி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மணம் கிளப்பிய கூச்சம் தாங்காமல், இத்தனை வருடம் கழித்து, ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"அண்ணே, அன்னைக்குப் பேசினது நான் இல்ல. அக்காதான்."

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்படியா? யாருக்குத் தெரியும், தம்பி. அன்னைக்கு மைக் வேலை செய்யல லா. எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. முன்னால மேனேஜர் எழுந்து தட்டினாரு, நாங்களும் தட்டினோம்."

மேடையில் உங்களுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது, அக்கா.