கிணற்றுக்கு மருந்து போட்ட அன்று

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் பின்வளவிலிருந்து "ஓம், வாறன்" என்று குரல் மட்டும் உடனே வரும். ஆள் வர அரை மணித்தியாலம் ஆகும். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசம் கழிந்தும் என் வாய் பழக்கத்தை விடவில்லை. சமைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று கூப்பிடுகிறேன். பிறகு பக்கத்து வளவில் யாரும் கேட்டார்களோ என்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. முரசுமோட்டையில் இந்த முறை மழை நேரத்துக்குப் பெய்தது. வயலை என் தம்பிதான் விதைத்திருக்கிறான். உங்கள் உழவு மெசின் அவனுக்கு மசிகிறதே இல்லை. உங்களைப்போல அதன் காதில் ஏதாவது சொல்ல வேண்டுமாக்கும். மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். மீன் படிக்க மாட்டேன் என்று கணக்கு எடுத்திருக்கிறாள். புத்திசாலி.

இனி மீன் விசயம். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

உடையார்கட்டுப் பக்கம் காட்டுக்குள் ஓடுகிற ஓர் ஓடையில் ஒரு சின்னக் கெண்டை இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், வாலடியில் கறுப்புப் பொட்டு. கறிக்கும் உதவாது, கருவாட்டுக்கும் உதவாது. தெற்கு ஆறுகளில் அதற்குச் சொந்தக்கார மீன்கள் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் மரபணுவைப் பார்த்தால் எங்கள் ஓடைக் கெண்டை நெடுங்காலம் தனித்து வாழ்ந்த வேறொரு குலம். அதைத்தான் நான் படித்தேன், பல்கலைக்கழக வளாகத்தில் அதைத்தான் படிப்பிக்கிறேன். ஓடை வற்றி மீன் அருகிக்கொண்டு போனபோது கொஞ்சத்தைப் பிடித்து வந்து எங்கள் வளவில் வளர்த்தோம். பெருகியதும் திரும்ப ஓடையில் விடுவதாகத் திட்டம். சீமெந்துத் தொட்டி கட்டியது நீங்கள். தண்ணீர் மாற்றியதும், பாசி வழித்ததும், கொக்குக்கு வலை கட்டியதும் நீங்கள். கட்டளை போட்டது நான்.

இந்த மாரி மழைக்கு விடுவதென்று முடிவாகியிருந்தது. விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு ஓடைக்கரை வயல்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டது. மீனைக் காத்த மனிதர் என்று உங்கள் பெயரை எழுதி அங்கே ஒரு பலகை வைப்பதாகவும் சொன்னார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

விடுவதற்கு முன் ஒரு சம்பிரதாயத்துக்காகத்தான் தொட்டி மீன்களின் செட்டையில் சின்னத் துணுக்கு வெட்டி, மதுசாரத்தில் போட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. தொட்டியில் எங்கள் மீன் மட்டும் இல்லை. தெற்கு மீனும் சேர்ந்து, குஞ்சு பொரித்து, இனிப் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்துவிட்டது. இதை ஓடையில் விட்டால் அங்கே மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சமும் கலந்து, அந்தக் குலமே இல்லாமல் போய்விடும்.

ஆய்வுகூடத்துக்காரரோடு சண்டை பிடித்தேன். என்னைத் தெரியும்தானே. அவர்கள் பொறுமையாகத் திரும்பவும் செய்து பார்த்தார்கள். அதே முடிவு. கலந்திருப்பது கண்ணாடித் தொட்டிக்கென்று வளர்த்து விற்கிற மீன் என்றும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த மீன் கடை ஒன்றுதான். வவுனியாவில் நாங்கள் வலையும் காற்று மோட்டரும் வாங்குகிற நிசார் நானாவின் கடை. மீனின் படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"நானா, இந்தக் கெண்டை நீங்கள் விக்கிறனீங்களோ?"

அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ தங்கச்சி. என்றைக்காவது நீங்கள் இதைக் கேட்டு வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்கோ."

"நீங்கள் கொழும்பில படிப்புக்கு நிண்ட நேரம், வெள்ளத்துக்குப் பிறகு, உங்கட அவர் வந்தவர். கையில ஒரு போத்தல், உள்ளுக்கு ஒரு செத்த மீன். 'கிணத்துக்கு மருந்து போட்டது தெரியாமத் தொட்டிக்குத் தண்ணி இறைச்சு விட்டுட்டன் நானா. முக்கால்வாசி மிதக்குது. இதே மாதிரி மீன் தாங்கோ' எண்டார். மனிசியிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ எண்டு நான் சொன்னனான்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"'அவா ஞாயிற்றுக்கிழமை வாறா. தெரிஞ்சா என்னைக் கொன்றுபோடுவா' எண்டு சிரிச்சார்." நானா என் முகத்தைப் பார்க்காமல் மீன்களுக்குத் தீன் போட்டார். "சிரிச்சவர்தான் தங்கச்சி. ஆனா போத்தல் பிடிச்ச கை நடுங்கினது."

வெள்ளம் வடிந்தால் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து கிணற்றில் குளோரின் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் வயலில் நின்றிருப்பீர்கள். மனிதருக்கு மருந்து, மீனுக்கு நஞ்சு. யாருக்கும் வரக்கூடிய பிழை. என்னிடம் சொல்லியிருந்தால் ஓடையில் இன்னும் கொஞ்சம் பிடித்துத் திரும்பத் தொடங்கியிருப்போம். வேலை பிந்தியிருக்கும், அவ்வளவுதான்.

பஸ் புளியங்குளம் தாண்டும்வரை உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். ஒரு பொய் சொல்லி எத்தனை வருச வேலையைக் கெடுத்துவிட்டாரே என்று. அதற்குப் பிறகு அந்தக் கை நினைவுக்கு வந்தது. வயல் காவலுக்குப் போய் யானைக்கு முன்னால் தீப்பந்தத்தோடு நின்ற கை. சண்டைக் காலத்தில் செல்லடிக்குள்ளால் என்னையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி உருட்டிவந்த கை. அது என்னை நினைத்து நடுங்கியதா? முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் அழுதேன்.

அந்த வெள்ளத்துக்கு முந்தி ஒருமுறை நீங்கள் வலையை மூட மறந்து, ஒரு மீன் துள்ளி வெளியே விழுந்து செத்தது. அந்தக் கிழமை முழுக்க நான் உங்களோடு கதைக்கவில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று பிள்ளையைத்தான் தூது விட்டேன். ஒரு மீனுக்கு அந்தத் தண்டனை என்றால், முக்கால்வாசிக்கு என்ன என்று நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள்.

நான் கொழும்பிலிருந்து வந்த அன்று தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, நல்லாப் பார்த்திருக்கிறியள்" என்றேன். என் வாயால் உங்களுக்குக் கிடைத்த அபூர்வமான புகழ்ச்சி. நீங்கள் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழும்பிவிட்டீர்கள். வயிற்று வாய்வாக்கும் என்று நான் பூண்டு தட்டி உள்ளிப்பால் காய்ச்சித் தந்தேன். அப்போது கேட்டீர்கள்:

"இஞ்சாரும், ஒரு மீன் மாறிப்போனா உம்மட படிப்பால கண்டுபிடிக்கேலுமோ?"

"ஏன் ஏலாது? ஒரு செட்டைத் துணுக்குப் போதும். மனிசர் பொய் சொல்லுவினம், மீன் சொல்லாது."

"அப்ப தப்பேலாது எண்டுறீர்" என்று சொல்லிவிட்டு உள்ளிப்பாலைக் குடித்தீர்கள். நான் வகுப்பெடுக்கிற உற்சாகத்தில் இருந்தேன். அன்றைக்கு ஏன் கேட்கிறியள் என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்டிருந்தால், நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆய்வுகூட முடிவு ஊரில் என் கையில் மட்டும்தான் இருந்தது. பேசாமல் மீனை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உங்கள் பெயருக்கு மறு வரக்கூடாது என்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். புருசனை நடுங்கவைத்த மனிசி என்று ஊர் சொல்லுமே என்ற பயம்தான்.

போன கிழமை கமக்காரர் கூட்டத்தில் எழும்பி நின்றேன். மீன் கலந்துவிட்டது, விடமுடியாது, பிழை எங்கள் வீட்டில் நடந்தது என்று நடந்ததெல்லாம் சொன்னேன். தலைவர் கனநேரம் தாடியைத் தடவினார்.

"விதைநெல்லில கலப்பு விழுந்தா நாங்கள் விதைக்கிறேல்ல, குத்தித் தின்னுறது" என்றார். பின்னாலிருந்து ஒருவர் "இதைத் தின்னவும் ஏலாதே" என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பிறகு தலைவர் கேட்டார்: "அது சரி தங்கச்சி, அந்தாள் ஏன் உங்களிட்டச் சொல்லேல்ல?"

வரும் என்று தெரிந்த கேள்விதான்.

"எனக்குப் பயந்து" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா தன் புருசனைத் திரும்பிப் பார்த்தா. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அதை நாங்கள் யோசிக்கிறம் என்றார் தலைவர். என்ன யோசிப்பார்களோ தெரியாது. மருந்து அடிப்பதில்லை என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை.

தொட்டி மீன்களை அழித்துவிடச் சொல்லி மற்ற ஆய்வுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். என்னால் முடியவில்லை. வெள்ளம் ஏறாத மேட்டில் வேறு தொட்டி கட்டி அவற்றை மாற்றிவிட்டேன். நீங்கள் பயத்தில் வாங்கிய மீன்களின் பிள்ளைகள் அவை. செத்து முடியும்வரை எங்கள் வளவில் இருக்கட்டும். ஒன்றுகூட ஓடைக்குப் போகாது. பழைய தொட்டியைக் கழுவிக் காயவிட்டு, மழைத்தண்ணீர் நிரப்பி, ஓடையில் புதிதாகப் பிடித்த கொஞ்ச மீன்களை நேற்று விட்டேன். முதலிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று காலை அதில் ஒன்று தொட்டிக்கு வெளியே மண்ணில் கிடந்தது. வலையை மூடாமல் விட்டது நான்தான். ஒருவரும் பார்க்கவில்லை. வாழையடியில் குழி கிண்டித் தாட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்.

இஞ்சாருங்கோ, ஒரு மீன் செத்துப்போச்சு. என்ர பிழை. உங்களிட்டத்தான் முதல் சொல்லுறன்.

இனி இந்த வீட்டுக்கு யார் எந்தப் பிழையோடு வந்து நின்றாலும், முதலில் சாப்பிட்டாச்சோ என்று கேட்பேன். மீனைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்பேன். இது சத்தியம்.

உங்கட மனிசி